ஐசுவரியவானும் அவன் வாசலும்

தம்பி கேட்டிருப்பது இதுதான்: கோவையில் மென்பொருள் வேலை, நல்ல சம்பளம். வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு ஒன்று வாங்கியாயிற்று. போகும் சபையில் மூத்த சகோதரர் ஒருவர், "விசுவாசிக்கு இவ்வளவு எதற்கு? உங்கள் மனைவி முதலில் நகையைக் கழற்றட்டும்" என்கிறார். நண்பனின் சபையிலோ, தரித்திரம் ஒரு சாபம், காணிக்கையாக விதைத்தால் நூறு மடங்கு திரும்பி வரும் என்று போதிக்கிறார்கள். இதில் எது சரி? கிறிஸ்தவன் சொத்து வைத்துக்கொள்ளலாமா? தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை, மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?

இந்தக் கேள்விகளை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் சொன்னவன், இளைஞர் கூட்டங்களில் பேசியவன். ஆரம்பத்தில் நானும் "எவ்வளவு" என்ற இடத்திலிருந்துதான் பதில் தேடினேன். எவ்வளவு வைத்திருக்கலாம், எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை சவரன் வரை பரவாயில்லை என்றெல்லாம். வேதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த பிறகு, அது அந்த இடத்திலிருந்து பார்க்கவே இல்லை என்று எனக்குத் தெளிவாயிற்று. அது உங்கள் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வாசலைப் பார்க்கிறது.

லூக்கா 16ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசுவரியவானும் லாசருவும். இரத்தாம்பரமும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் தரித்து, அனுதினமும் சம்பிரமமாய் வாழ்ந்தவன் ஒருவன். பருக்கள் நிறைந்தவனாய் அவன் வாசலருகே கிடந்தவன் இன்னொருவன். இந்தக் கதையைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்ததால் அதில் என்ன இல்லை என்பதைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். பணக்காரன் யாரையும் ஏமாற்றினான் என்று அதில் இல்லை. லஞ்சம் வாங்கினான், நிலத்தை அபகரித்தான், லாசருவை அடித்து விரட்டினான் என்று ஒரு வார்த்தையும் இல்லை. லாசரு அங்கே கிடந்தான். இவன் தினமும் அந்த வாசலைக் கடந்து போய் வந்தான். குற்றச்சாட்டு அவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயம் என்னை விடாமல் பிடித்து உலுக்கும். இயேசு சொன்ன உவமைகளில் வரும் மனிதர்களில் பெயர் உள்ளவன் லாசரு மட்டுமே (ஆபிரகாமைத் தனியாக வைத்துவிடுங்கள்). அரண்மனை போன்ற வீட்டுக்காரனுக்குப் பெயர் இல்லை, வாசலில் கிடந்தவனுக்குப் பெயர் இருக்கிறது. அடுத்தது இதைவிடக் கொடுமை. பாதாளத்தில் வேதனைப்படும்போது அந்தப் பணக்காரன் என்ன கேட்கிறான்? லாசரு தன் விரலின் நுனியைத் தண்ணீரில் தோய்த்து என் நாவைக் குளிரப்பண்ணும்படி அவனை அனுப்பும் என்கிறான். அப்படியானால் அவனுக்கு லாசருவின் பெயர் தெரிந்திருக்கிறது! வாசலில் யாரோ கிடக்கிறான் என்று தெரியாமல் வாழ்ந்தவன் இல்லை அவன். பெயர் தெரியும், முகம் தெரியும். அந்த நிலையிலும் லாசருவை ஏவல் செய்ய அனுப்பச் சொல்கிறானே தவிர, அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, அப்படியானால் பணம் இருப்பதே பாவமா என்றால், அதே கதையில் பதில் இருக்கிறது. லாசரு யாருடைய மடியில் இளைப்பாறுகிறான்? ஆபிரகாமின் மடியில். ஆபிரகாம் ஏழை இல்லையே! மிருகஜீவன்களும் வெள்ளியும் பொன்னுமாக ஆஸ்தி உடைய சீமான் என்று ஆதியாகமம் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் அதே ஆதியாகமத்தில் 18ஆம் அதிகாரத்தில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். பகலில் வெயில் ஏறும் வேளையில், கூடார வாசலில். முன்பின் தெரியாத மூன்று பேரைக் கண்டதும் எதிர்கொண்டு ஓடுகிறார், கால் கழுவத் தண்ணீர், மரத்தடியில் இடம், அப்பம், இளங்கன்றின் கறி. ஒரு பணக்காரன் வாசலில் உட்கார்ந்து வழியைப் பார்த்திருந்தான், ஒரு பணக்காரன் தன் வாசலில் கிடந்தவனைத் தாண்டிப் போனான். இந்த ஒப்பீட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோகியா நகரத்தில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற போதகர் இந்த உவமையைப் பற்றி ஒரு தொடர் பிரசங்கமே செய்தார். லாசரு ஏன் குறிப்பாக ஆபிரகாமின் மடியில் காட்டப்படுகிறான் என்று அங்கே அவர் கேட்கிறார். அந்நியரை உபசரித்தவனைக் கண்ணெதிரே வைத்து, உபசரிக்க மனமில்லாதவனைக் கடிந்துகொள்வதற்காகத்தான் என்பது அவர் விளக்கம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 'கிறிசோஸ்தோம்' என்றால் கிரேக்கத்தில் பொன்வாய் என்று பொருள். அந்தக் காலத்தில் கிறிஸ்தவம் ஒடுக்கப்பட்ட மதமாக இல்லை, ராஜாவின் மதமாகிவிட்டது. பணக்காரர்கள் ஆலயத்தில் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்றுகொண்டு அவர் சொன்னது: உங்களிடம் இருப்பதை ஏழையோடு பகிராமல் இருப்பது கருமித்தனம் மட்டும் இல்லை, திருட்டு. அவனுக்குச் சேர வேண்டியதை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். மத்தேயு சுவிசேஷத்தைப் பற்றிய பிரசங்கம் ஒன்றில், கிறிஸ்துவின் பந்தியைப் பொற்பாத்திரங்களால் நிரப்பி என்ன பயன், அவரே பசியால் சாகிறாரே என்று கேட்டார். உள்ளே பட்டுத் திரை கட்டுகிறீர்கள், வெளியே அவர் குளிரில் நிர்வாணமாய் நிற்கிறார் என்றார். இன்னொரு பிரசங்கத்தில் சீமாட்டிகள் வெள்ளியில் மலப்பாத்திரம் செய்து வைத்திருப்பதைச் சபை நடுவே சொல்லிக் கடிந்துகொண்டார். தேவசாயலாகப் படைக்கப்பட்டவன் குளிரில் செத்துக்கொண்டிருக்க இதற்கு வெள்ளியா என்பது அவர் கொதிப்பு.

398இல் அவரைத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குப் பேராயராகக் கொண்டுபோனார்கள். அங்கே பேராயர் வீட்டுச் செலவைக் குறைத்து, மிச்சத்தை மருத்துவமனைக்குத் திருப்பினார். பெரிய மனிதர்களுக்கு விருந்து வைப்பதை நிறுத்திவிட்டுத் தனியாகச் சாப்பிட்டார். பகை சேர்ந்தது. காரணங்கள் பல உண்டு, சபை அரசியலும் இருந்தது, மகாராணி யுடோக்சியாவோடு ஏற்பட்ட மோதலும் இருந்தது. 404இல் நாடு கடத்தப்பட்டு, 407இல் கால்நடையாய் இழுத்துச் செல்லப்படும் வழியில் இறந்தார்.

அவருக்குச் சற்று முன்னால் கப்பத்தோக்கியாவின் செசரியாவில், அதாவது இன்றைய துருக்கியின் கைசேரியில், பின்னால் அங்கேயே பேராயரான பேசில் இருந்தார். 369ஐ ஒட்டி அங்கே கடும் பஞ்சம். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்று சொன்ன மதிகேடனின் உவமையை எடுத்து, தானியத்தைப் பதுக்கி விலை ஏறக் காத்திருந்தவர்களிடம் பேசினார். நீ வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டிய அங்கி ஆடையில்லாதவனுடையது, மூலையில் கிடந்து மக்கிப்போகும் செருப்பு வெறுங்காலோடு நடக்கிறவனுடையது என்றார். பேச்சோடு நிற்கவில்லை. பட்டினி கிடந்தவர்களைக் கூட்டி உணவு கொடுத்தார். ஊருக்கு வெளியே நோயாளிகள், குஷ்டரோகிகள், வழிப்போக்கர் தங்க ஒரு பெரிய இல்லம் எழுப்பினார். அவர் நண்பர் அதை ஒரு புது நகரம் என்றே அழைத்தார். அந்தச் செருப்பு வாக்கியத்தை வாசித்த பிறகு என் வீட்டுப் பரணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இனி உங்கள் மூத்த சகோதரர் சொல்வதற்கு வருகிறேன். அவரை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். பணத்தைப் பற்றி இயேசு பேசியதை இனிப்பாக்கிக் கொடுக்கும் பிரசங்கங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னது ஒரு உதாரணம். எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு குறுகிய வாசல் இருந்ததாம், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்கால் போட்டு நுழையுமாம். அப்படி ஒரு வாசல் இயேசுவின் காலத்தில் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. வெகு காலத்துக்குப் பிறகு வந்த விளக்கம் அது. அந்த வாசல் உண்மை என்றால் சீஷர்கள் ஏன் அதிர்ந்துபோய், அப்படியானால் யார்தான் ரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்கிறார்கள்? சுமையை இறக்கினால் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமே! மனுஷரால் கூடாது, தேவனால் கூடும் என்பதுதான் இயேசுவின் பதில். லூக்கா அடுத்த அதிகாரத்திலேயே அந்தக் கூடாத காரியம் நடந்ததைக் காட்டுகிறார். சகேயு, வரி வசூலிக்கும் ஆயக்காரர்களின் தலைவன், ஐசுவரியவான். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்கிறான். இயேசு மீதிப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால், நித்திய ஜீவனுக்கு வழி கேட்டு வந்த ஐசுவரியமுள்ள வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். ஒருவனுக்குச் சொன்னதை மற்றவனுக்குச் சொல்லவில்லை.

அவரோடு நடந்தவர்களிலும் எல்லா விதமும் இருந்தார்கள். வலைகளை விட்டு வந்த மீனவர்கள் உண்டு. ஏரோதின் காரியக்காரன் மனைவி யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியைக் கொண்டு அவர்களைப் பராமரித்தார்கள். அடக்கம் பண்ணக் கல்லறை கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்பு பணக்காரர். பிலிப்பியில் பவுலை வீட்டில் தங்கவைத்த லீதியாள் என்ன வியாபாரம் செய்தாள்? இரத்தாம்பரம். லூக்கா 16இல் அந்தப் பணக்காரன் உடுத்தியிருந்த அதே விலையுயர்ந்த துணி. அவள் அதை விற்றுச் சம்பாதித்தாள், ஞானஸ்நானம் பெற்றதும் என் வீட்டுக்கு வந்து தங்குங்கள் என்று வருந்திக் கேட்டுக்கொண்டாள். துணி ஒன்றுதான், தம்பி. அவள் வீட்டு வாசல் திறந்திருந்தது.

முற்றிலும் துறந்தவர்களையும் நான் மதிக்கிறேன். எகிப்தில் அந்தோணியார், ஆலயத்தில் வாசிக்கப்பட்ட ஒரே வசனத்தைக் கேட்டு, அப்பா விட்டுப்போன நிலங்களை ஊராருக்குக் கொடுத்துவிட்டு வனாந்தரம் போனார். அசிசி பிரான்சிஸ், துணி வியாபாரியின் மகன், 1206இல் பேராயர் முன்னிலையில் உடுத்திய துணியைக் கூடக் களைந்து அப்பா கையில் கொடுத்தார். நமக்கு அருகிலேயே, 1924இல் இலங்கையில் ஆரம்பித்த பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் இன்றும் சம்பளமும் சொத்தும் இல்லாமல், வெள்ளை உடையில், விசுவாச வீடுகளில் ஒன்றாக வாழ்கிறார்கள். வீடும் நிலமும் இல்லாமலும் ஒரு மனிதன் நிறைவாக வாழ முடியும் என்று இவர்கள் நமக்குக் காட்டாவிட்டால் யார் காட்டுவது?

ஆனால் எளிமையும் தவறிப்போக முடியும். பிரான்சிஸ் இறந்தது 1226இல். இரண்டே வருஷத்தில் அவர் பெயரில் அசிசியில் பெரிய தேவாலயத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். அதற்குப் பிறகு நூறு வருஷம் அவருடைய துறவியர் சபையில் சண்டை. காசைக் கையால் தொடக்கூடாது என்பது அவர் விதி, ஆனால் இல்லங்களும் நூல்களும் தானியமும் வேண்டுமே! 1279இல் ஒரு போப், அந்தப் பொருள்கள் சகோதரர்களுக்குச் சொந்தம் இல்லை, அனுபோகம் மட்டும்தான் என்று தீர்ப்புச் சொன்னார். 1323இல் இன்னொரு போப், கிறிஸ்துவுக்கும் அப்போஸ்தலருக்கும் சொந்தமாக எதுவுமே இல்லை என்று அடித்துச் சொல்வது கள்ளப்போதகம் என்றார். இடையில் 1318இல் மார்செய் நகரத்தில் நான்கு துறவிகளை உயிரோடு எரித்தார்கள். அவர்கள் கீழ்ப்படிய மறுத்த கட்டளை எதைப் பற்றியது தெரியுமா? அங்கி எவ்வளவு குட்டையாக இருக்கலாம், மடத்தில் தானியமும் திராட்சரசமும் சேர்த்து வைக்கலாமா என்பதைப் பற்றி. அந்தச் சரித்திரத்தை வாசிக்கும்போது எனக்கு வரும் துக்கம் இதுதான்: எளிமையைப் பற்றி இத்தனை வாதம் நடந்ததே, அதில் ஏழை எங்கே? பிரான்சிஸ் கட்டியணைத்த குஷ்டரோகி எங்கே? யார் அதிக எளிமை என்ற போட்டி வந்ததும் வாசலில் கிடந்தவன் மறைந்துபோனான்.

நகை விஷயத்திலும் எனக்கு இந்தக் கவலைதான். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமும் பேதுருவின் முதல் நிருபமும் பொன்னாலும் முத்தாலும் அலங்கரித்துக்கொள்ளாமல் இருக்கச் சொல்வது உண்மை. ஆனால் அதே வசனத்தில், அதே மூச்சில், விலையேறப்பெற்ற வஸ்திரமும் இருக்கிறது. கம்மலைக் கழற்றிவிட்டுப் பல்லாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவை கட்டி வருவதை யாரும் கேட்பதில்லை. ஆண்களின் மனைக்கட்டையும் காரையும் பற்றி அந்த வசனத்தின் பேரில் யாரும் பேசுவதில்லை. நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குத் தன் பெயரில் இருக்கும் ஒரே சொத்து பெரும்பாலும் அந்த நகைதான். பள்ளிக் கட்டணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகுக் கடைக்குப் போவதும் அதுதான். விசுவாசத்தினால் மனமுவந்து கழற்றிய சகோதரிகளை நான் அறிவேன், அவர்கள் முகத்தில் ஒரு விடுதலை இருக்கும். கழற்றிய நகை கணவனின் மனைக்கு முன்பணமாகப் போனதையும் அறிவேன். மருமகளின் கழுத்தில் பொட்டுத் தங்கம் கூடாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக ரொக்கமாகவும் நிலமாகவும் சீதனம் கேட்ட விசுவாசக் குடும்பங்களைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். ஆகவே உங்கள் மனைவியின் நகையைப் பற்றி நீங்களோ அந்தச் சகோதரரோ முடிவு செய்யாதீர்கள். அவர்களே வேதத்தை வாசிக்கட்டும், ஜெபிக்கட்டும், முடிவு செய்யட்டும். கழற்றுவதாக இருந்தால், அது யாருடைய கைக்குப் போக வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

நண்பனின் சபைப் போதனையைப் பற்றி நான் மென்மையாகப் பேச மாட்டேன். காணிக்கையை விதையாகப் போட்டால் பண அறுவடை வரும் என்ற போதனை அமெரிக்காவில் உருவானது. ஓரல் ராபர்ட்ஸ் போன்ற ஊழியர்கள் வானொலி, தொலைக்காட்சி வழியாக உலகமெல்லாம் பரப்பினார்கள். அதற்கு எடுத்துக்கொள்ளும் வசனங்களைத் திறந்து வாசியுங்கள். நூறத்தனை என்பது மாற்கு 10இல் வருகிறது. அங்கே "துன்பங்களோடேகூட" என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை மேடையில் வாசிக்கக் கேட்டதே இல்லை. பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்பது 2 கொரிந்தியர் 9. அங்கே பவுல் தனக்கு வாங்கவில்லை, எருசலேமில் வறுமையில் இருந்த பரிசுத்தவான்களுக்காகப் பண உதவி சேர்க்கிறார். ஒருவருடைய மிகுதி மற்றவருடைய குறைவை நிரப்பி ஒரு சமநிலை வர வேண்டும் என்பதே அதற்கு முந்தின அதிகாரத்தில் அவர் சொல்லும் நோக்கம். அதில் முன்மாதிரியாக அவர் காட்டும் மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தவை. தரித்திரம் சாபம் என்றால் பவுல் அவர்களை அப்படிப் புகழ்ந்திருக்க முடியுமா?

மல்கியா 3:10, வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்ற வசனம், சுவரில் மாட்டாத வீடில்லை. அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போங்கள். கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாய்க் கர்த்தர் சாட்சியாய் வருவேன் என்கிறார். அது ஏன் சுவரில் இல்லை?

எங்கள் பக்கத்தில் ஒரு விதவைத் தாய், மகன் வேலைக்காக, கையில் இருந்த கடைசி இரண்டு வளையலை ஒரு கூட்டத்தில் காணிக்கைத் தட்டில் போட்டார்கள். விசுவாசக் குறைவால்தான் வேலை வரவில்லை என்று பிறகு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த அம்மாள் அதற்குப் பின் எந்த ஆராதனைக்கும் வரவில்லை. விதவை இரண்டு காசு போட்டதை எடுத்துக்காட்டித்தான் அவர்களிடம் வாங்கினார்கள். மாற்கு 12இல் அந்த விதவைக்கு ஒரு வசனம் முன்னால் இயேசு யாரை எச்சரிக்கிறார்? விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை.

இப்போது உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜான் வெஸ்லி, மெத்தடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் இளைஞராக இருந்தபோது ஒரு குளிர்நாளில், அவரும் நண்பர்களும் செலவு செய்து படிக்கவைத்த ஒரு பெண்பிள்ளை அவர் அறைக்கு வந்தாள். மெல்லிய துணி ஒன்றுதான் உடம்பில். போர்த்த வேறு இல்லையா என்று கேட்டார், இவ்வளவுதான் இருக்கிறது என்றாள். சட்டைப்பையில் கைவிட்டார், காசு இல்லை. சற்று முன்புதான் செலவழித்திருந்தார். சுவர்களில் மாட்டியிருந்த படங்கள் அப்போது அவர் கண்ணில் பட்டன. இந்தப் பிள்ளையின் குளிரைப் போக்கியிருக்கக்கூடிய காசால் உன் சுவரை அலங்கரித்தாயே என்று தன் எஜமானர் கேட்பார் என்று நடுங்கினார். எத்தனையோ வருஷம் கழித்து, வயதான பின்பும், ஆடையைப் பற்றிய பிரசங்கத்தில் அதைச் சொன்னார்.

வருஷம் 30 பவுண்டு வருமானம் வந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து இரண்டைக் கொடுத்த ஒரு இளைஞனைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார், அது அவரேதான் என்பார்கள். அடுத்த வருஷம் 60 வந்தது. 28இலேயே வாழ்ந்து 32ஐக் கொடுத்தான். அடுத்து 90, அடுத்து 120. செலவு 28ஐத் தாண்டவில்லை. 1776இல் வரி அதிகாரிகள், உங்கள் வீட்டு வெள்ளிச் சாமானுக்குக் கணக்குக் காட்டவில்லையே என்று கேட்டு எழுதினார்கள். லண்டனில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு இருக்கின்றன, என்னைச் சுற்றி இத்தனை பேர் அப்பமில்லாமல் இருக்கும்போது இதற்கு மேல் வாங்க மாட்டேன் என்று பதில் எழுதினார்.

அவருடைய போதனை, முடிந்த மட்டும் சம்பாதி, முடிந்த மட்டும் மிச்சப்படுத்து, முடிந்த மட்டும் கொடு என்பது. ஆனால் கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும். அவை வந்தால் பணம் வரும். பணம் வந்தால் பக்தி போகும். தன் ஜனங்கள் சம்பாதிப்பதையும் மிச்சப்படுத்துவதையும் பிடித்துக்கொண்டு கொடுப்பதை விட்டுவிட்டார்கள் என்று மனம் நொந்தார். இதை வாசிக்கும்போது எங்கள் ஊர்ச் சபைதான் எனக்கு ஞாபகம் வரும். என் தாத்தா பனை ஏறியவர். மிஷன் பள்ளி என் அப்பாவை வாத்தியாராக்கியது. நான் பென்ஷன் வாங்குகிறேன், என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மூன்றே தலைமுறை. குடி இல்லை, சூது இல்லை, பிள்ளைகளைப் படிக்கவைத்தோம், உயர்ந்தோம். இது தேவன் கொடுத்த நன்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தாத்தாவின் கூடப் பனை ஏறியவரின் பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே வீட்டை வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. பிள்ளைக்காகச் சேமியுங்கள், காப்பீடு எடுங்கள். யோசேப்பு ஏழு வருஷம் தானியம் சேர்த்தது பாவமாக எண்ணப்படவில்லை, அந்தத் தானியத்தை ஜனங்கள் சாப்பிட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்? உடம்புக்கு முடியாத நாளில் பிடிக்கிறீர்களா? யாக்கோபின் நிருபத்தில் கூக்குரலிடுவது ஏழையின் ஜெபம் இல்லை, பிடித்துவைக்கப்பட்ட கூலி. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காவலாளி எந்த ஊர், அவர் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? இவை தெரிந்தால் எவ்வளவு கொடுப்பது என்பதற்கு என்னிடம் வர மாட்டீர்கள்.

தசமபாகத்துக்கும் இதையே சொல்வேன். மொத்தமா, கைக்கு வருவதா என்று வேதத்தில் இல்லை. உபாகமம் 14இன் கடைசியை வாசியுங்கள். மூன்றாம் வருஷத்தின் தசமபாகத்தை எங்கே வைக்கச் சொல்லியிருக்கிறது? உன் வாசல்களில். லேவியன் வர வேண்டும், அவனோடு அந்நியனும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். ஊழியருக்கும் பங்கு உண்டு, அவருக்கு மட்டும் இல்லை. ஊரில் வயதான பெற்றோருக்கு மருந்து வாங்கப் பணம் அனுப்பாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டு நிறைவு அடையாதீர்கள், பெற்றோருக்குச் சேர வேண்டியதை கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். எனக்குத் தனிப்பட்ட முறையில் மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதுதான் பிடிக்கும், கணக்குச் சுலபம், மனது பேரம் பேசாது. அதை உங்களுக்குச் சட்டமாகச் சொல்ல மாட்டேன்.

என் அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அடுப்பங்கரையில் ஒரு சின்ன மண்பானை இருக்கும். உலை வைக்க அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பானையில் போடுவார்கள். வீட்டில் ஆறு பேர், அரிசி பல நாள் போதாது, இருந்தாலும் அந்தக் கைப்பிடி தவறாது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுபோவோம். பெண்கள் கொண்டுவந்த அரிசியை ஒன்றாகக் கொட்டி அளந்து, ஊரில் முடியாதவர்கள் யாரோ அவர்களுக்கு உபதேசியார் கொடுப்பார். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்துவிட்டார், சம்பளம் நின்றது. ஒரு சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் உபதேசியாரின் மனைவி பின்வாசல் வழியாக வந்தார்கள், தெருவில் யாரும் பார்க்கக்கூடாது என்று. முந்தானைக்குள் ஒரு பை. அம்மா அதைப் பிரித்துப் பார்த்தார்கள். புழுங்கலும் பச்சரிசியும், வெள்ளையும் சிவப்பும், கலந்து கிடந்த அரிசி. ஒவ்வொரு வீட்டுக் கைப்பிடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மா அன்று அதில் உலை வைத்தார்கள். வைப்பதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துப் பானையில் போட்டார்கள்.